ராபின்: பறவை தந்த பெயரா, பறவைக்குத் தந்த பெயரா?

ஆங்கிலப் பெயர்களுக்குப் பொருள் கூறும் பட்டியல்களில் ராபின் என்ற பெயருக்கு எதிரே இரண்டு வேறுபட்ட விளக்கங்கள் காணப்படுகின்றன. ஒரு பட்டியல் அதைச் சிவந்த மார்புடைய சிறு பறவை என்கிறது. மற்றொன்று புகழால் ஒளிர்பவன் என்கிறது. ஒரே சொல்லுக்கு இவ்வளவு தொலைவான இரு பொருள்கள் எப்படி அமைந்தன என்பதை அப்பட்டியல்கள் விளக்குவதில்லை. இங்கிலாந்தின் தோட்டங்களில் துள்ளித் திரியும் ராபின் பறவை உலகறிந்தது என்பதால், அதன் பெயரைத்தான் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர் என்று பலரும் இயல்பாகவே முடிவு செய்துவிடுகின்றனர்.

நடந்தது இதற்கு நேர்மாறானது. ராபின் முதலில் மனிதர்களின் பெயர். அதுவும் பட்டம் பதவிகளோடு வழங்கிய முழுப்பெயர் அன்று, வீட்டிலும் வயலிலும் கூப்பிட்ட செல்லப் பெயர். மக்கள் நாவில் நெடுங்காலம் புழங்கிய பின்னரே அது பறவையின் மீது ஏறியது. அதன் பின் பல நூற்றாண்டுகள் கடந்து, பறவையின் புகழ் பெயரின் மீது திரும்பப் படிந்து, இன்று பெயரைக் கேட்டவுடன் பறவை நினைவுக்கு வரும் நிலை உருவானது.

அடிப்படை: ராபர்ட் என்னும் பெயர்

ராபினின் தாய்ப்பெயர் ராபர்ட். பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆட்பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களை இணைத்து அமைக்கப்பட்டன. 'ஹ்ரோத்' என்பது புகழையும், 'பெர்ஹ்த்' என்பது ஒளியையும் குறித்தன. இரண்டும் சேர்ந்த 'ஹ்ரோத்பெர்ட்' என்ற பெயர் பிரெஞ்சு நாவில் முதல் ஒலியை இழந்து ராபர்ட் ஆனது. புகழால் ஒளிர்பவன் என்ற விளக்கம் இங்கிருந்து வருகிறது. ஆனால் இத்தகைய பெயர்களில் இரு உறுப்புகளும் சேர்ந்து ஒரு வாக்கியப் பொருளைத் தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அக்காலத்தில் இருக்கவில்லை. மங்கலமான இரண்டு சொற்களைச் சேர்த்து வைப்பதே வழக்கம். நம் ஊரில் செல்வக்குமார் என்று பெயரிடுவோர் இலக்கணத் தொகை விரித்துப் பார்த்துப் பெயரிடுவதில்லை என்பதை இதனோடு ஒப்பிடலாம்.

இப்பெயரை இங்கிலாந்தில் வேரூன்றச் செய்தவர்கள் 1066-இல் அந்நாட்டை வென்ற, பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள். வென்ற வில்லியமின் தந்தை நார்மண்டிக் கோமகன் ராபர்ட். வில்லியமின் மூத்த மகனும் ராபர்ட். ஆளும் குடும்பத்தின் பெயர் கீழ்நோக்கிப் பரவுவது எங்கும் நடப்பதுதான். இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் ஆங்கில உழவர்களும் கொல்லர்களும் தம் பிள்ளைகளுக்கு ராபர்ட், வில்லியம், ரிச்சர்ட் என்று பெயரிடத் தொடங்கினர். பழைய ஆங்கிலப் பெயர்களில் பல வழக்கொழிந்தன.

ஒரே ஊரில் இத்தனை ராபர்ட்டுகள்

இடைக்கால இங்கிலாந்தில் புழக்கத்திலிருந்த ஆண் பெயர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒரு சிற்றூரில் நான்கைந்து ராபர்ட்டுகள் இருந்தால் அவர்களை வேறுபடுத்திக் கூப்பிடக் குறுக்கங்களும் செல்ல வடிவங்களும் தேவைப்பட்டன. ராபர்ட்டிலிருந்து ராப் பிறந்தது. ராப் என்பதன் முதலெழுத்தை மாற்றி ஹாப், டாப், நாப் என்ற வடிவங்கள் பிறந்தன. பாப் என்பதும் இவ்வகையே. இன்று அதிகம் கேட்கப்படுவது அதுதான்.

இவற்றோடு பிரெஞ்சு முறையிலான இன்னொரு வடிவமும் இருந்தது. பழைய பிரெஞ்சில் 'இன்' என்பது சிறுமையையும் அன்பையும் உணர்த்தும் விகுதி. நிக்கோலாவின் குறுக்கமாகிய கோலா என்பதோடு அது சேர்ந்து கோலின் ஆனது. ராப் என்பதோடு சேர்ந்து ராபின் ஆனது. ஆகவே ராபின் என்பதன் நேரான பொருள் 'சின்ன ராபர்ட்' என்பதுதான். அதில் பறவை இல்லை.

இந்தச் செல்லப் பெயர் பிரான்சில் எந்தச் சூழலில் வழங்கியது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1280-களில் ஆதாம் டி லா ஆல் என்னும் பாணர் இயற்றிய ஆயர் இசைநாடகத்தில் ராபின் ஓர் இடையன். மரியோன் அவன் காதலி. அக்காலப் பிரெஞ்சுப் பாடல்களில் ராபின் என்றாலே நாட்டுப்புறத்தான் என்ற பொருள் ஏறிவிட்டிருந்தது. இங்கிலாந்திலும் அப்படியே. இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் புகழ்பெற்ற கதைத் தொகுப்பில் குடித்துவிட்டுக் கூச்சலிடும் மாவு அரைப்பவனின் பெயர் ராபின். இரவில் வீட்டுக்குள் புகுந்து குறும்பு செய்யும் குட்டிச் சாத்தானை மக்கள் ராபின் குட்ஃபெலோ என்று அழைத்தனர். ஷேக்ஸ்பியர் 1590-களில் அவனை மேடையேற்றினார். ராபின் ஹூட்டின் பெயரும் இந்த மண்ணின் விளைவே. காட்டில் வாழ்ந்து செல்வரைக் கொள்ளையிட்டவன் என்று பாடப்பட்ட ஒருவனுக்கு, 'ராபர்ட்' என்னும் பிரபுக்களின் பெயரைவிட 'ராபின்' என்னும் ஊரார் பெயர் பொருந்திப் போனதில் வியப்பில்லை.

மனிதர்களைவிட்டு விலங்குகளுக்கும் இச்செல்லப் பெயர் சென்றது. ஹாபின் என்ற வடிவம் சிறு குதிரைகளைக் கூப்பிடும் பெயராகி, ஹாபி என்று மாறி, பொய்க்கால் குதிரையைக் குறித்து, கடைசியில் பொழுதுபோக்கு என்ற பொருளில் இன்று உலகெங்கும் வழங்குகிறது. டாபின் என்பது இன்றும் உழவுக் குதிரையின் பெயர். பிரான்சிலோ ராபின் செம்மறியாட்டின் செல்லப் பெயரானது. ஆட்டுத்தலை வடிவில் வார்க்கப்பட்ட தண்ணீர்க் குழாய்க்கு அதிலிருந்து 'ரொபினே' என்ற பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர் இன்று குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சின்ன ராபர்ட்டைத்தான் பெயர் சொல்கிறார். இங்கிலாந்தில் மட்டும் ராபினின் மனிதரல்லாத வாழ்வு ஒரு பறவையின் மீது நிலைகொண்டது.

ஆவணங்களில் ஏன் தெளிவாகத் தெரிவதில்லை?

ராபின் என்ற பெயரின் தொன்மையை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்ற, வரி ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீனில் எழுதப்பட்டன. ஊரார் ராபின் என்றும் ஹாப் என்றும் கூப்பிட்டவனை எழுத்தர் ராபர்ட்டஸ் என்றே பதிவு செய்தார். ஆகவே மக்கள் நாவில் இருந்த பெயரை ஆவணத்தில் நேரடியாகத் தேடினால் குறைவாகவே கிடைக்கும்; இரண்டு பக்கவழிகளில் தேடவேண்டும்.

ஒன்று, குடும்பப் பெயர்கள். தந்தையின் செல்லப் பெயரோடு மகன் என்னும் பொருள் தரும் 'சன்' சேர்ந்து ராபின்சன், ராப்சன், ஹாப்சன், டாப்சன் ஆகியவை அமைந்தன. ஹாப் என்பதோடு 'கின்' என்னும் வேறொரு செல்ல விகுதி சேர்ந்து ஹாப்கின்ஸ் ஆனது. இத்தனை குடும்பப் பெயர்கள் உருவாக வேண்டுமானால் அந்தச் செல்லப் பெயர்கள் அன்றாடம் புழங்கியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் ராபின்சன் என்பது கிறித்தவக் குடும்பங்களில் முதற்பெயராகவே வைக்கப்படுகிறது. ராபினின் மகன் என்ற பொருள் அங்கு முற்றிலும் மறைந்துவிட்டது.

மற்றொன்று, எழுத்தர்களின் கை தவறியோ வேடிக்கையாகவோ ஊர்வழக்கு உள்ளே நுழைந்துவிட்ட இடங்கள். 1261-இல் பெர்க்‌ஷயரில் தலைமறைவான ஒருவன் ஆவணத்தில் கொல்லன் ராபர்ட்டின் மகன் வில்லியம் என்று குறிக்கப்பட்டிருக்கிறான். அடுத்த ஆண்டு அவனையே குறிக்கும் பதிவில் எழுத்தர் வில்லியம் ராப்ஹூட் என்று எழுதிவிட்டார். ராபின் ஹூட் என்ற பெயர் சட்டத்துக்கு அகப்படாதவன் என்ற பொருளில் 1262-க்குள் பரவியிருந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் இதைச் சான்றாகக் காட்டுகின்றனர்.

பறவைக்கு முன்பிருந்த பெயர்

அப்படியானால் அந்தப் பறவைக்கு அதுவரை பெயரே இல்லையா? இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'ருட்டுக்' என்று பெயர். சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமைந்த இது பின்னர் 'ரடக்' என வழங்கியது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் 'ரெட்பிரெஸ்ட்', அதாவது செம்மார்பு, என்ற பெயர் மேலோங்கியது.

இங்கு ஓர் ஐயம் எழும். அப்பறவையின் முகமும் மார்பும் உண்மையில் சிவப்பல்ல, ஆரஞ்சு. பெயரிட்டவர்களின் கண்ணில் குறை இல்லை. அவர்கள் மொழியில்தான் அந்த நிறத்துக்குத் தனிப்பெயர் இருக்கவில்லை. ஆரஞ்சு என்பது ஆங்கிலத்தில் முதலில் பழத்தின் பெயராக வந்து, 16-ஆம் நூற்றாண்டில்தான் நிறத்தின் பெயராகவும் ஆனது. அதற்கு முன் அந்த நிறமெல்லாம் சிவப்பில் அடங்கின. இந்தச் சொல்லின் பயணம் தமிழ் வாசகர்களுக்குக் கூடுதல் சுவை தரும். ஸ்பானிய நாரஞ்சா, அரபு நாரஞ்ச், பாரசீக நாரங்க், சமஸ்கிருத நாரங்க என்று பின்னோக்கிச் செல்லும் இவ்வழி, நாரத்தை என்று நாம் ஊறுகாய் போடும் கனியின் பெயரோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல்லில் தொடங்கியிருக்க வேண்டும் என்று சொற்பிறப்பியலாளர் பலர் கருதுகின்றனர். நாரத்தையின் உறவுச்சொல் இங்கிலாந்தில் நிறப்பெயராகச் சற்று முன்னதாக நிலைபெற்றிருந்தால் அப்பறவை செம்மார்பு என்று பெயர் பெற்றிருக்காது.

15-ஆம் நூற்றாண்டில் செம்மார்புக்கு முன்னால் ஓர் ஆட்பெயர் சேர்க்கப்பட்டு 'ராபின் ரெட்பிரெஸ்ட்' என்ற தொடர் உருவானது. இது அந்தப் பறவைக்கு மட்டும் கிடைத்த தனிச்சிறப்பு அன்று. வீட்டைச் சுற்றித் திரியும் பறவைகளுக்கெல்லாம் ஊர்ப்பிள்ளைகளின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பது அக்கால ஆங்கிலேயரின் வழக்கம். ரென் என்னும் குட்டிப் பறவை ஜென்னி ரென் ஆனது. பட்டாணிக்குருவியின் இனத்தவை டாம் டிட் ஆயின. சிட்டுக்குருவி ஃபிலிப் ஆனது. 'டா' என்று மட்டுமே அழைக்கப்பட்ட சிறு காக்கை இனம் ஜாக்டா ஆனது. 'பை' என்று பெயர்கொண்டிருந்த கறுப்பு வெள்ளைப் பறவை, மார்கரெட்டின் குறுக்கமாகிய மேக் என்பதைப் பெற்று மேக்பை ஆனது. ராபின் ரெட்பிரெஸ்ட், ஜென்னி ரென் இரண்டையும் கணவன் மனைவி என்றே நாட்டார் பாடல்கள் பாடின. அவை வேறு வேறு இனம் என்பது பாடியவர்களை உறுத்தவில்லை.

ஜாக்டாவிலும் மேக்பையிலும் ஆட்பெயரும் பறவைப்பெயரும் ஒட்டிக்கொண்டன. ராபின் ரெட்பிரெஸ்டில் மட்டும் இரண்டாம் பகுதி மெல்ல உதிர்ந்து, 16-ஆம் நூற்றாண்டிலேயே ராபின் என்ற ஆட்பெயர் தனித்துப் பறவையைக் குறிக்கத் தொடங்கியது. மனிதரிடம் அஞ்சாமல் நெருங்கும் அதன் இயல்பு இதற்குத் துணைசெய்திருக்கலாம். தோட்டக்காரர் மண்ணைக் கிளறும்போது வெளிப்படும் புழுக்களுக்காக அவர் காலடியிலேயே வந்து நிற்கும் பறவை அது. பனிக்காலத்தில் மற்றப் பறவைகள் அடங்கிவிடும்போதும் ஆணும் பெண்ணும் தத்தம் எல்லையைக் காக்கப் பாடிக்கொண்டிருக்கும். எந்நேரமும் கண்ணெதிரே திரிவதை முழுப்பெயர் சொல்லி அழைப்பார் யார்?

பெயர் முந்தியது என்பதற்கான சான்றுகள்

1. காலவரிசை. ராபின் மனிதப் பெயராக 13-ஆம் நூற்றாண்டிலேயே பாடலிலும் ஆவணத்திலும் தென்படுகிறது. பறவையோடு அப்பெயர் சேர்வது 15-ஆம் நூற்றாண்டில். தனித்துப் பறவையைக் குறிப்பது அதற்கும் பின்னர். பிற்பட்ட பயன்பாட்டிலிருந்து முற்பட்டது பிறந்திருக்க முடியாது.

2. அண்டை மொழிகள். அதே பறவையைப் பிரெஞ்சுக்காரர் ரூஜ்கோர்ஜ் என்கின்றனர், ஜெர்மானியர் ரோட்கேல்ஷன் என்கின்றனர், டச்சுக்காரர் ரோட்போர்ஸ்ட் என்கின்றனர். எல்லாமே செந்தொண்டை அல்லது செம்மார்பு என்னும் பொருளுடையவை. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்குச் சூட்டி இன்றும் நிலைத்திருக்கும் 'ரூபெகுலா' என்ற லத்தீன் சிற்றினப் பெயரும் சிவப்பையே சுட்டுகிறது. ராபின் என்ற ஒலி எந்த மொழியிலும் பறவைப் பெயராகப் பிறக்கவில்லை. அதேவேளை பிரான்சிலும் நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் ஆண்களுக்கு ராபின் என்ற பெயர் உண்டு. டச்சுக் கால்பந்து வீரர் ராபின் வான் பெர்சியின் பெயரில் அவர் தாய்மொழிக்காரர் எவருக்கும் பறவை புலப்படாது.

3. ராபர்ட்டும் ராபினும் ஒருவரையே குறிக்கும் வழக்கம் அறுபடாமல் தொடர்ந்தது. 1721 முதல் 1742 வரை பிரிட்டனின் பிரதமராக விளங்கிய ராபர்ட் வால்போலின் ஆட்சியை எதிரிகள் 'ராபினோகிரசி' என்று எள்ளினர். ராபின் ஆட்சி என்று பொருள். 1759-இல் பிறந்த ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் பிறப்பைப் பற்றிய பாடலில் தம்மை ராபின் என்றே அழைத்துக்கொண்டார். 1997 முதல் 2001 வரை பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக்கின் முழுப்பெயர் ராபர்ட் ஃபின்லேசன் குக். முந்நூறு ஆண்டு இடைவெளியிலும் வழக்கம் ஒன்றே.

விளையாட்டுப் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் முறையை ரவுண்ட் ராபின் என்கிறோமே, அதிலும் பறவை இல்லை. யார் முதலில் கையெழுத்திட்டது என்று மேலதிகாரிகள் கண்டுபிடித்துத் தண்டிக்க முடியாதபடி, கப்பல் மாலுமிகள் வட்டமாகக் கையெழுத்திட்டு அளித்த முறையீட்டுக்கு 18-ஆம் நூற்றாண்டில் வழங்கிய பெயர் அது.

பறவை திரும்பி வந்து பெயரில் அமர்ந்தது எவ்வாறு?

பெயர் பறவைக்குச் சென்றது ஒரு பாதி. மறுபாதி, பறவையின் உணர்வுநிலை மனிதப் பெயருக்குத் திரும்பியது. பிரிட்டனில் இதற்குப் பின்புலமாக இருந்தவை கதைகள். சிலுவையில் தொங்கிய இயேசுவின் முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியபோது குருதி பட்டு அதன் மார்பு சிவந்தது என்பது ஒரு கதை. காட்டில் கைவிடப்பட்டு இறந்த குழந்தைகளின் உடல்களை இலைகளால் மூடியது என்று 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான ஒரு கதைப்பாடல் கூறியது. இப்பறவையைக் கொல்வது பாவம் என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது.

விக்டோரியா காலத்தில் அஞ்சல்துறை இந்தப் புகழை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அஞ்சல்காரர்கள் அப்போது சிவப்பு மேலங்கி அணிந்திருந்ததால் மக்கள் அவர்களை ராபின்கள் என்றே அழைத்தனர். முதல் வணிகமுறைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-இல் வெளிவந்தது. அட்டை அனுப்பும் வழக்கம் பெருகியதும், அலகில் கடிதம் ஏந்திய ராபின் பறவை அதன் நிலையான சித்திரமானது. இன்றும் பனி படர்ந்த மண்வெட்டிக் காம்பில் ராபின் அமர்ந்திருக்கும் படம் இல்லாத டிசம்பர் அங்கு இல்லை. 2015-இல் பிரிட்டனின் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்க நடந்த பொது வாக்கெடுப்பில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். ராபினே முதலிடம் பெற்றது. இவ்வளவு செல்வாக்குள்ள பறவைக்கு எதிரே சின்ன ராபர்ட் மங்கிப்போனது இயல்பே.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் சென்றது. அங்குக் குடியேறிய ஆங்கிலேயர், செங்கல் நிற மார்புடைய ஓர் உள்ளூர்ப் பூங்குருவியைக் கண்டு ஊர் நினைவில் அதற்கும் ராபின் என்று பெயரிட்டனர். ஆங்கில ராபின் சுமார் 14 செ.மீ. நீளமுள்ளது, இன்று ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வகைப்படுத்தப்படுவது. அமெரிக்க ராபின் சுமார் 25 செ.மீ. நீளமுள்ளது, பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் மார்பின் நிறம் தவிர உறவு குறைவு. அடையாளமும் மாறிப்போனது: பிரிட்டனில் ராபின் பனிக்காலத்தின் பறவை, அமெரிக்காவில் அது வசந்தத்தின் முதல் தூது.

இந்த மாற்றத்தை ஒரு கற்பனைப் பாத்திரம் அழகாகக் காட்டுகிறது. 1940-இல் பேட்மேனின் துணைவனாகச் சித்திரக்கதையில் அறிமுகமான ராபினுக்கு, அவனை உருவாக்கிய குழுவிலிருந்த ஜெர்ரி ராபின்சன் ராபின் ஹூட்டை மனத்தில் வைத்தே அப்பெயரை முன்மொழிந்தார். அவன் உடையும் ராபின் ஹூட் ஓவியங்களைத் தழுவியே வரையப்பட்டது. ஆனால் பிற்காலக் கதைகள் அவன் வசந்தத்தின் முதல் நாளில் பிறந்ததால் தாய் பறவையின் பெயரால் அழைத்தாள் என்று காரணத்தை மாற்றின. சிவப்பு மேலாடை இருக்கவே இருந்தது. ஐந்து நூற்றாண்டுகளில் பெயருக்கு நேர்ந்தது, ஒரே பாத்திரத்துக்குச் சில பதிற்றாண்டுகளில் நேர்ந்துவிட்டது.

ஆணின் பெயர் பெண்ணின் பெயரானது

அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பாக 1950-களிலும் 1960-களிலும், ராபின் பெண் குழந்தைகளுக்குப் பெருவாரியாகச் சூட்டப்பட்டது. பறவைத் தொடர்பின் தாக்கம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். ராபர்ட்டின் செல்ல வடிவம் என்ற நினைவு இருக்கும்வரை ராபின் ஆணுக்கே உரியது. அமெரிக்காவில் ராபர்ட்டுகளை பாப் என்றும் பாபி என்றும் அழைக்கும் பழக்கம் ஓங்கியதால் அந்த நினைவு தளர்ந்தது. பறவை என்ற பொருள் முன்னுக்கு வந்தது. மலர், பறவை, மணி ஆகியவற்றின் பெயர்களைப் பெண்களுக்கு இடுவது ஆங்கிலேய மரபில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெருகியிருந்தது. மர்லின், கரோலின் போன்ற பெண் பெயர்களின் ஈற்றொலியோடு ராபின் ஒத்திருந்ததும் உதவியிருக்க வேண்டும். பெண்பாலைத் தெளிவாகக் காட்ட நடுவே 'ஒய்' எழுத்தை இட்டு எழுதும் வடிவமும் தோன்றியது.

விளைவாக ஒரே நாட்டில் ஒரே துறையில் 1951-இல் பிறந்த நடிகர் ராபின் வில்லியம்ஸ் ஆண், 1966-இல் பிறந்த நடிகை ராபின் ரைட் பெண். பிரிட்டனில் ராபின் பெரும்பாலும் ஆண் பெயராகவே நீடித்தது. ஆகவே ராபின் என்று கையெழுத்திட்ட மின்னஞ்சல் ஒன்று வந்தால், எழுதியவர் எந்த நாட்டில் எந்தப் பதிற்றாண்டில் பிறந்தவர் என்று தெரியாமல் ஐயா என்றோ அம்மையீர் என்றோ விளிப்பது ஆபத்து.

உண்மையிலேயே பறவையிலிருந்து வந்தவை

ராபினைப் பற்றிய இந்த முடிவை எல்லாப் பறவைப் பெயர்களுக்கும் நீட்டிவிடக் கூடாது. மேவிஸ் என்ற பெண் பெயர் நேராகவே பறவையிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சுச் சொல் வழியே வந்த மேவிஸ், ஆங்கிலத்தில் இனிமையாகப் பாடும் ஒரு பூங்குருவியின் பழம்பெயர். 1895-இல் மேரி கொரெல்லி எழுதிப் பெரும் விற்பனை கண்ட ஒரு புதினத்தில் அப்பெயருடைய பாத்திரம் வந்த பின்னரே அது பெண் குழந்தைகளுக்குப் பரவியது. ரென் என்பதும் நேரடிப் பறவைப் பெயரே. முதற்பெயராக அது பெருகியது இந்த நூற்றாண்டில்தான்.

மார்ட்டின் ராபினின் கூட்டாளி: ரோமப் போர்த்தெய்வம் மார்ஸின் பெயரிலிருந்து பிறந்து, புனித மார்ட்டினால் புகழ்பெற்று, பின்னர் தகைவிலான் இனப் பறவைகளின் மீது ஏறிய ஆட்பெயர் அது. லினெட் என்ற பறவையோடு தொடர்புபடுத்தப்படும் லினெட் என்ற பெண் பெயரோ எலூனெட் என்னும் வேல்ஸ் பெயரின் பிரெஞ்சுத் திரிபு. ஒலியொற்றுமையால் மட்டுமே பறவையோடு சேர்ந்தது.

இத்தகைய மயக்கம் நமக்குப் புதிதன்று. மயில், கிளி, குயிலி என்ற பெண் பெயர்களில் பறவை தெளிவாக இருக்கிறது. அன்னம்மாள் என்ற பெயரில் இருப்பது நீரில் மிதக்கும் அன்னமா, உண்ணும் அன்னமா, மரியாளின் தாயாகிய புனித அன்னாளா என்பது அவரவர் குடும்பத்தையும் வழிபாட்டையும் பொறுத்தது. எழுத்து ஒன்று, ஊற்று மூன்று.

ராபினுக்கு ஒரு மூன்றாம் ஊற்று

ராபினுக்கும் அப்படி ஒரு மூன்றாம் ஊற்று இந்தியாவில் உண்டு. ரவீந்திரன் என்ற பெயர் வங்காளத்தில் ரொபீந்த்ரோ என்று ஒலிக்கும். அதன் செல்லக் குறுக்கம் ரொபி, ரொபின். இதில் ராபர்ட்டும் இல்லை, பறவையும் இல்லை. சூரியனும் இந்திரனும் இருக்கின்றனர்.

இதே இணைப்புக்குத் தமிழ்நாடு நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டு கிரிக்கெட் வீரர் ராபின் சிங். 1963-இல் டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் ரவீந்திர ராமநாராயண் சிங். 1980-களில் சென்னைக்கு வந்து, 1987-88-இல் ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழ்நாட்டு அணியில் ஆடியவர். ரவீந்திரன் ராபின் ஆனது ஒலி நெருக்கத்தால். ஆங்கிலம் புழங்கும் தீவில் செவிக்குப் பழகிய பெயராக அது கிடைத்தது.

ஆகவே ஒரு ராபினின் பெயருக்குப் பொருள் கேட்டால் பின்வரும் வரிசையில் பார்ப்பது முறை.

1. அவருடைய முழுப்பெயர் ராபர்ட் அல்லது ரவீந்திரன் போன்ற வேறொன்றா? ஆம் எனில் பொருள் அங்கேயே இருக்கிறது.

2. அதுவே முழுப்பெயர் எனில், பெற்றோர் எதை எண்ணி வைத்தனர்? டிசம்பரில் பிறந்த ஆங்கிலக் குழந்தைக்கும் 1960-களில் பிறந்த அமெரிக்கப் பெண்ணுக்கும் பறவை என்பது பொருத்தமான விடையாக இருக்கலாம். பெயரின் பிறப்பு வேறு, பெயரிட்டவரின் கருத்து வேறு.

3. பிறப்பை மட்டும் கேட்டால், விடை ராபர்ட்தான்.

பறவைகளின் பக்கத்தில் பெயரின் பயணம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பேரரசு சென்ற இடமெல்லாம் ஆங்கிலேயர் ராபின்களைக் கண்டனர். நம் புதர்க்காடுகளில் வாலைத் தூக்கியபடி தத்தித் திரியும் கருஞ்சிட்டு ஆங்கிலத்தில் இந்தியன் ராபின் ஆயிற்று. அதன் ஆண் கரிய நிறமுடையது. செம்மை இருப்பது மார்பில் அன்று, வாலடியில். தோட்டங்களில் விடியற்காலையில் சீழ்க்கையடிக்கும் குண்டுக்கரிச்சான் கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் மேக்பையை நினைவூட்டி, மேக்பை ராபின் என்று பெயர் பெற்றது. தமிழ் அதன் கருமையைப் பார்த்துப் பெயரிட்டது. ஆங்கிலப் பெயரிலோ ஒரு மார்கரெட்டும் ஒரு ராபர்ட்டும் தத்தம் செல்லப் பெயர்களோடு அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர்.